மூங்கிலடியில் எங்கள் இடம்

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் அண்ணனிடம் சொல்லாமல் விட்டது இது: தீயணைப்பு நிலையத்துச் சுவரில் ஒட்டியிருந்த வரைபடத்தில் முதல் சிவப்பு வட்டம் எங்கள் குடும்பத்து இடத்தின் மேல் இருந்தது, அந்த வட்டத்தைப் போட்டவள் நான்.

அண்ணன் முத்துராஜ் ராணுவத்தில் ஹவில்தார். அந்த ஆண்டு ஒரு பனிமலையின் உச்சிக் காவலில் இருந்தான். ஞாயிறுதோறும் எல்லோருக்கும் பொதுவான ஒரு போனில் சில நிமிடம் பேசுவான். அதில் பாதி, பாவூர்சத்திரத்தில் பிறந்த வீட்டில் இருந்த அனுசியா மதினிக்கு, மீதி அப்பாவுக்கு. எனக்குக் கிடைக்கும் மிச்சத்தில் நாங்கள் இருவரும் சண்டை போட்டுவிடுவோம். அதனால் எங்களுக்குள் கடிதம்தான்.

எங்கள் குலதெய்வம் மேலகரத்துக்கு மேற்கே, மலையடியில் இருக்கும் சாஸ்தா. பங்குனி உத்திரத்தன்று எங்கெங்கோ இருக்கும் குடும்பங்கள் எல்லாம் அங்கே வந்து பொங்கல் வைப்போம். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஓர் இடம், மூன்று அடுப்புக் கல். எங்களுடையது மூங்கில் புதரின் அடியில். மதினிக்கு ஏழாம் மாதத்திலேயே பிள்ளை பிறந்து கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தபோது, ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று அண்ணன் நேர்ந்துகொண்டான்: தாயும் பிள்ளையும் வீடு வந்து சேர்ந்தால் நம் இடத்தில், நம் கல்லில் பொங்கல், பிள்ளைக்கு முதல் மொட்டை. இருவரும் வீடு வந்துவிட்டார்கள்.

“நம்ம எடம் அங்கனயேதான இருக்கு?” என்று போனில் கேட்டான்.

“மூங்கில் எங்க போகப்போகுது?” என்றேன்.

*

மேலகரம்,
ஜனவரி 20

அன்புள்ள அண்ணனுக்கு,

பிரியா எழுதுகிறேன். அப்பாவின் முழங்கால் வலி பனியோடு வந்தது, பனியோடு போய்விடும் என்கிறார். மதினியும் மதியும் சுகம். மதி இப்போது சுவரைப் பிடித்து நடக்கிறாள். சுவர் முடிந்தால் அழுகிறாள். உன் விரல் நுனி வெடிப்பு ஆறிவிட்டதா? போனில் கேட்க மறந்துவிட்டேன்.

நூலகத்தைப் பூட்டியபின் மாலையில் தீயணைப்பு நிலையத்துக்குப் போகிறேன். தன்னார்வலர் பயிற்சி. நீ சிரிப்பாய். சிரித்துக்கொள். நிலைய அலுவலர் ஒரு பெண், ஞானபாக்கியம் மேடம். மலையடித் தெருக்களைக் கோடைக்குத் தயார்படுத்த வேண்டும் என்று இப்போதே தொடங்கிவிட்டார்.

நேற்று என்ன செய்தார் தெரியுமா? பெரிய வண்டியைக் கொண்டுவந்து மேலத்தெரு முக்கில் நிறுத்திவிட்டு, கீழே இறங்கி நின்றார். அவ்வளவுதான். பத்து நிமிடத்தில் தெருவே கூடிவிட்டது.

“என்ன மேடம், வண்டி ரிப்பேரா?”

“வண்டி நல்லாத்தான் இருக்கு. ஒங்க தெருதான் ரிப்பேர்.”

வண்டி உள்ளே நுழையாது என்பதை எல்லோரும் கண்ணால் பார்த்தார்கள். ஒரு பக்கம் வைக்கோல் போர், மறுபக்கம் ஓலை வேலி, மேலே முருங்கைக் கொப்பு. சாயங்காலத்துக்குள் கொப்பை வெட்டிவிட்டார்கள். வைக்கோல் போரை இடம் மாற்ற ஒரு வாரம் கேட்டிருக்கிறார்கள்.

மூக்கம்மாள் சித்தி மட்டும் விடவில்லை. “குத்தாலத்துப் பக்கத்துல குடியிருக்கவகிட்ட வந்து, தண்ணி பிடிச்சு வையின்னு சொல்லுதாளுவளே” என்றாள்.

“அருவியில தண்ணி விழுதது ஆடியில. தீ வருதது மாசியில” என்றார் மேடம். சித்தி அன்றே டிரம் கழுவினாள். பேச்சை மட்டும் நிறுத்தவில்லை.

கம்பளிக் காலுறையை இரண்டாகப் போட்டுக்கொள்.

உன் தங்கை,
பிரியா

*

பிப்ரவரி 3

அன்புத் தங்கச்சிக்கு அண்ணன் எழுதுவது.

விரல் ஆறிவிட்டது. உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. சோறு மட்டும் வேகாமல் அரைகுறையாக வருகிறது; உன் சமையல் போலவே இருப்பதால் வீட்டு ஏக்கம் இல்லை.

இங்கே கூடாரத்துக்குள் மண்ணெண்ணெய் அடுப்பு அணைந்துவிடாமல் பார்த்துக்கொள்ள முறைபோட்டு ஆள் உட்காருவோம். அங்கே நீ தீயை அணைக்க முறைபோடுகிறாய். அப்பாவுக்கு நல்ல பிள்ளைகள்.

லீவு கேட்டு எழுதிக்கொடுத்துவிட்டேன். உத்திரத்துக்கு ஐந்து நாள் முன்னால் வந்துவிடுவேன். வெண்கலப் பானையைப் புளி போட்டு விளக்கி வை. மூங்கிலடியைக் கூட்டும்போது பார்த்துக் கூட்டு. போன தடவை அங்கே ஒரு சாரைப்பாம்பு கிடந்தது.

உன் கடிதத்தில் ஊரார் வீட்டுக் கதை எல்லாம் இருக்கிறது. கோயில் பற்றி ஒரு வரி இல்லை. ஏன்?

மதிக்கு என் முத்தம். அப்பா மாத்திரை சாப்பிடுகிறாரா என்று பார்.

முத்துராஜ்

*

மேலகரம்,
பிப்ரவரி 17

அன்புள்ள அண்ணனுக்கு,

அப்பா மாத்திரை சாப்பிடுகிறார். சாப்பிட்டதை எனக்குச் சொல்லிக் காட்டுகிறார். எனக்கு இரண்டு நாள் சளி இருந்தது, போய்விட்டது. உன் சோறு வெந்ததா?

கோயில் பற்றிக் கேட்டாய். போன ஞாயிறு அங்கே கூட்டம் நடந்தது. மேடம் செருப்பைக் கழற்றிவிட்டு வெளிமரத்தடியில் நின்றார், உள்ளே வரவில்லை. மலையில் புல் காய்ந்துவிட்டது, சருகு முழங்கால் உயரம் கிடக்கிறது, அதன் நடுவில் ஒரே நாளில் இருபத்தோரு விறகடுப்பு, கோயிலைவிட்டு வெளியேற ஒரே பாதை, எல்லோர் இடுப்பிலும் பிள்ளை. அதை மட்டும் சொன்னார். அடுப்பையெல்லாம் கிழக்கே காய்ந்து கிடக்கும் ஓடை மணலுக்குக் கொண்டுபோக முடியுமா என்று கேட்டார். உத்தரவாக இல்லை, கேள்வியாகத்தான்.

சுடலையாண்டிப் பெரியப்பா எழுந்தார். “எடத்த விட்டா நாளைக்கு ஒனக்கு இங்க என்ன வேலைம்பான். கல்ல விட்டா பங்காளியே இல்லம்பான். நீங்க வேற ஊரு, ஒங்களுக்குப் புரியாது.”

“கல்ல விட வேண்டாம் அண்ணாச்சி. அவுகவுக கல்லு அவுகவுக அடுப்புக்கு வரட்டும். அடுப்பு மட்டும் மணலுக்கு வரட்டும்.”

“நீங்க சர்ச்சுக்குப் போறவுக. எங்க சாஸ்தா கோவிச்சுக்கிட்டா?”

“எம்மேலதான கோவிப்பாரு. மிஞ்சிப்போனா டிரான்ஸ்பர் போடுவாரு.”

பெரியப்பாவே சிரித்துவிட்டார். அதற்குப் பிறகும் இரண்டு மணி நேரம் சண்டை நடந்தது. ஆனால் அது யார் கல் யாருக்கு வலப்பக்கம் என்ற சண்டை. மணலுக்கு ஒத்துக்கொண்டுவிட்டார்கள் என்று அதை வைத்துத்தான் தெரிந்தது.

நிழலில், சருகில்லாத பாறை மேல் இருக்கும் ஒன்றிரண்டு இடங்களை அப்படியே விடலாமா என்று மேடம் யோசிக்கிறார். பட்டியல் இன்னும் ஒட்டவில்லை.

பானையை விளக்கிவிட்டேன். முகம் தெரிகிறது.

பிரியா

*

மார்ச் 2

பிரியாவுக்கு,

நலம். அங்கும் எல்லோரும் நலமாக இருக்க வேண்டும்.

லீவு கிடைக்கவில்லை. எனக்குப் பதிலாக ஏற வேண்டியவனுக்குக் கால் பனியில் கறுத்துவிட்டது. அவனைக் கீழே இறக்கிவிட்டார்கள். யார் மேலும் தப்பு இல்லை. அனுசியாவிடம் போனில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நீ நேரில் போய்ச் சொல்.

நேர்ச்சையைத் தள்ளிப்போட மனசு இல்லை. அன்றைக்கு வராந்தாவில் கண்ணை மூடியபோது சாஸ்தா எனக்குத் தெரியவில்லை. அந்த மூங்கிலடிதான் தெரிந்தது. அம்மா, உயிரோடு இருந்தபோது போலவே, உட்கார்ந்து அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். அங்கே பார்த்துத்தான் கேட்டேன்.

அதனால் நான் இல்லாவிட்டாலும் இடம் இருக்கட்டும். மற்றவர்கள் மணலில் வைத்தால் வைக்கட்டும். நம் பானை அங்கேயே பொங்க வேண்டும். உன்னை நம்பித்தான் இருக்கிறேன்.

முத்துராஜ்

*

மேலகரம்,
மார்ச் 14

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் கடிதம் நேற்று வந்தது. பாவூர்சத்திரம் போய் மதினியிடம் சொன்னேன். தலையை ஆட்டிவிட்டு மதிக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். பிறகு, “கால் கறுத்த பையனுக்கு அம்மா இருக்காளா?” என்று கேட்டாள். உன் கால் எப்படி இருக்கிறது?

இங்கே திங்களன்று தீ வந்தது. யாருக்கும் ஒன்றும் இல்லை, முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். சுடலையாண்டிப் பெரியப்பா தோப்பில் மட்டையையும் சருகையும் குவித்து உச்சிவெயிலில் கொளுத்தியிருக்கிறார். காலையில் செய்யுங்கள், காற்றடங்கிய நேரத்தில் செய்யுங்கள் என்று அவர் வீட்டில்தான் இரண்டு தடவை சொல்லியிருந்தோம். பொறி வேலியைத் தாண்டிப் புல்லில் விழுந்துவிட்டது.

வீட்டுக்கு வீடு போன் செய்யும் முறை ஒன்று வகுத்திருந்தோம். ஒவ்வொரு வீடும் அடுத்த வீட்டை மட்டும் கூப்பிட வேண்டும். கேள்வி கேட்கக் கூடாது. அது நடந்தது. நான் நூலகத்திலிருந்து ஓடிப் போய்ச் சேர்ந்தபோது மாடுகளெல்லாம் அவிழ்த்துவிடப்பட்டிருந்தன, சிலிண்டர்கள் மூடியிருந்தன, கிழவர்கள் ரேஷன் கடை முன்னால் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். மூக்கம்மாள் சித்தி டிரம்மில் சாக்கை முக்கி முக்கி ஆட்களிடம் கொடுத்துக்கொண்டிருந்தாள். வண்டி தெருவுக்குள் நேராகப் போனது.

அணைத்த பிறகு பெரியப்பா வரப்பில் உட்கார்ந்துவிட்டார். மேடம் அவருக்குத் தண்ணீர் கொடுத்தார், ஒரு வார்த்தை திட்டவில்லை. சித்திதான் திட்டினாள். “அறிவு கெட்ட மனுசா, எம்புட்டு நாளா படிச்சுப் படிச்சுச் சொல்லுதாவ. நீரு என்ன அடுப்பு பத்தவைக்கவா போனீரு?”

பெரியப்பா, “ஏட்டி, சாக்க நனைச்ச கையால ஒரு காப்பி போடு” என்றார்.

அந்தப் புல் ஓடியதைப் பார்த்தேன் அண்ணா. நான் ஓடுவதைவிட வேகமாக ஓடியது.

பிரியா

*

மேலகரம்,
மார்ச் 15

அண்ணா,

நேற்று எழுதிய கடிதம் இன்னும் தபாலில் சேர்ந்திருக்காது. அதில் எழுத வேண்டியதை எழுதவில்லை.

மணலுக்குப் போக வேண்டிய அடுப்புகளின் பட்டியல் ஒட்டியாகிவிட்டது. நம் இடம் அதில் இருக்கிறது, முதலாவதாக. வரைபடம் போடும்போது இடத்தைக் காட்ட ஆள் கேட்டார்கள், நான்தான் போனேன். மூங்கில் காய்ந்து நிற்கிறது, பின்னால் உடனே புல்சரிவு, காற்று அங்கேதான் சுழல்கிறது. மேடம் எதுவும் சொல்வதற்கு முன்பே நான் வட்டம் போட்டுவிட்டேன். அது ஜனவரியில். உன் போன் வந்ததற்கு முந்தின நாள்.

மற்ற இருபது குடும்பத்திடமும் நான் வீடு வீடாகப் போய்ப் பேசினேன். உன்னிடம் மட்டும் பேசவில்லை.

உன் நேர்ச்சை எனக்கு விளையாட்டு இல்லை. கண்ணாடிப் பெட்டிக்கு வெளியே நானும் நின்றேன். மூங்கிலடியில் அடுப்பு மூட்ட என்னால் முடியாது. மணலில் வைக்கலாமா, இல்லை நீ வரும்வரை நிறுத்தி வைக்கட்டுமா? நீ சொல்வதைச் செய்கிறேன். உடம்பைப் பார்த்துக்கொள். உடனே எழுது.

பிரியா

*

மேலகரம்,
மார்ச் 30

அன்புள்ள அண்ணனுக்கு,

இரண்டு ஞாயிறாகப் போன் வரவில்லை. அப்பா உங்கள் யூனிட்டுக்குப் போன் செய்து கேட்டார். பனிச்சரிவில் பாதை அடைபட்டிருக்கிறது, போனும் வேலை செய்யவில்லை, ஆட்கள் எல்லோரும் பத்திரம் என்றார்கள். பத்திரம் என்ற சொல்லை வைத்துக்கொண்டு அப்பாவும் மதினியும் நானும் தூங்குகிறோம். மதி தனியாக நடக்கிறாள். சுவர் வேண்டியதில்லை.

உன் பதிலும் வரவில்லை. பாதையில் எங்கோ இருக்கும் என்று நினைத்துக்கொள்கிறேன்.

கல்லை இடம் மாற்றிய கதையைக் கேள். தீயணைப்பு வீரர் வீரபாகு, விளாத்திகுளத்துக்காரர், ரொம்ப ஒழுங்கான மனிதர். கல் எதுவும் மாறிவிடக் கூடாது என்று ஒவ்வொரு குடும்பத்திலும் மூத்தவர் பெயரைக் கேட்டு, வெள்ளைப் பெயிண்டில் மூன்று கல்லிலும் எழுதி, வண்டியில் ஏற்றி ஓடை மணலில் இறக்கினார். இறக்கிய பிறகுதான் பார்த்தோம். நம் கோயில் காவல் தெய்வம் சங்கிலிபூதம். அப்பா தலைமுறையில் மூத்தவர்களில் பாதிப் பேருக்கு அவரை வைத்துத்தானே பெயர்? மணலில் ஒன்பது குடும்பத்துக் கல், எல்லாவற்றிலும் அழகான எழுத்தில் “சங்கிலிப்பாண்டி.”

வீரபாகு தலையில் கை வைத்துவிட்டார். “எனக்கென்ன தங்கச்சி தெரியும்? ஒரு ஊருக்கே ஒத்தப் பேர வச்சிருக்கீங்க.”

ஒன்பது சங்கிலிப்பாண்டியும் வந்து நின்று பார்த்தார்கள். தூக்கிப் பார்த்தார்கள், தட்டிப் பார்த்தார்கள், ஒருவர் முகர்ந்துகூடப் பார்த்தார். முகம் கடுகடுவென்று ஆகிக்கொண்டு வந்தது. கடைசியில் நம் அப்பாதான், “எவன் கல்லா இருந்தா என்னவே, கொள்ளுத்தாத்தா ஒருத்தன்தான” என்று பக்கத்தில் கிடந்த மூன்றைத் தன் பக்கம் இழுத்துப் போட்டார். அதற்குப் பிறகு மற்றவர்களும் இழுத்துக்கொண்டார்கள்.

இன்னும் ஆறு நாள் இருக்கிறது. எழுது.

பிரியா

*

மேலகரம்,
ஏப்ரல் 6

அன்புள்ள அண்ணனுக்கு,

நீ நலமாக இருக்கிறாய் என்றே நினைத்து எழுதுகிறேன். நேற்று உத்திரம்.

உன் பதில் வரவில்லை. காலை வரை காத்திருந்தேன். கோயிலுக்குப் போனபின் மதினி பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு மூங்கிலடியையும் மணலையும் மாறி மாறிப் பார்த்தாள். நான்தான், “மதினி, அண்ணன் அங்கன வைக்கத்தான் சொல்லியிருக்கான். நான் கேட்டு எழுதினதுக்குப் பதில் வரல” என்றேன். வரைபடத்தில் வட்டம் போட்டது யார் என்றும் சொன்னேன்.

“தெரியும். மூக்கம்மா சித்தி மாசியிலேயே சொல்லிட்டா” என்றாள்.

“அண்ணன்ட்ட சொன்னீங்களா?”

“ஒங்களுக்குள்ள உள்ள சண்டையில நான் எதுக்கு?” பிறகு பானையை மணலில் இறக்கினாள். “நேந்தது அவரு. பொங்குதது நான். பிள்ளைய வச்சுக்கிட்டு ஓட வழி இருக்கிற எடத்துல பொங்குதேன். முடிய மட்டும் அவரு வந்து எறக்கட்டும்.”

அப்படியே பொங்கல் வைத்தோம். மதிக்கு மொட்டை போடவில்லை. இருபத்தோரு அடுப்பும் வரிசையாக எரிந்தன. மேடமும் வீரபாகுவும் தண்ணீர் லாரிப் பக்கத்தில் வெயிலில் நின்றார்கள். ஒவ்வொரு குடும்பமும் அவர்களுக்குப் பொங்கல் கொண்டுபோய்க் கொடுத்தது. ஏழாவது இலையில் வீரபாகு உட்கார்ந்துவிட்டார்.

நீ சொல்லாததைச் செய்திருக்கிறேன். திட்டுவதானாலும் எழுது.

பிரியா

*

(ஏப்ரல் 14 அன்று வந்தது)

மார்ச் 27

பிரியா,

ஹெலிகாப்டர் போட்டுவிட்டுப் போன மூட்டையில் உன் இரண்டு கடிதமும் ஒரே நாளில் வந்தன. பாதை திறந்ததும் இது கீழே போகும். நான் சுகம்.

வைக்காதே. மணலிலும் வேண்டாம், எங்கேயும் வேண்டாம். நிறுத்தி வை. நான் வந்து என் கையால் வைத்துக்கொள்கிறேன்.

நீ செய்தது சரியாகத்தான் இருக்கும். நீ படித்தவள். ஆனால் ஜனவரியிலிருந்து எனக்குப் பானை விளக்கிய கதை எழுதிக்கொண்டிருந்தாய். வட்டம் போடும்போது அம்மா ஞாபகம் வரவில்லையா?

அப்பாவையும் பிள்ளையையும் பார்த்துக்கொள்.

முத்துராஜ்

*

மேலகரம்,
ஏப்ரல் 15

அண்ணா,

நீ சுகம் என்று எழுதியிருந்ததை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். அந்த வரியை மட்டும்.

உன் கடிதம் உத்திரம் முடிந்து ஒன்பதாம் நாள் வந்தது. என் கடிதம் இதற்குள் உனக்கு வந்திருக்கும்.

கேட்டாய். வந்தது. மார்க்கரை மூடிவிட்டு வெளியே போய் நின்றேன்.

தீ வரவில்லை. மூங்கில் அப்படியே நிற்கிறது. அங்கே வைத்திருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காதோ என்று நீ கேட்கலாம். வராத ஒன்றை யாருக்கும் எடுத்துக் காட்ட முடியாது. மேடத்திடம் இதைச் சொன்னேன். “நம்ம வேலையே அதுதாம்மா. ஒண்ணும் நடக்கலன்னு டைரியில எழுதிட்டுத் தூங்கப் போணும்” என்றார்.

தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டுத்தான் உன்னிடம் சொன்னேன். அதற்கு மட்டும் கோபித்துக்கொள்.

பிரியா

*

மே 12

அன்புத் தங்கச்சிக்கு,

இங்கே பனி இளகுகிறது. முகத்தில் தோல் உரிந்து புதுத்தோல் வந்திருக்கிறது. மதி என்னைக் கண்டு பயப்படாமல் இருக்க வேண்டும். அப்பா முழங்காலுக்கு இங்கே ஒரு எண்ணெய் கிடைக்கிறது, கொண்டுவருகிறேன்.

உன் கடிதங்களைக் கூடாரத்தில் இன்னொருவனுக்கு வாசித்துக் காட்டினேன். ராயகிரிக்காரன். வீரபாகு ஏழாவது இலையில் உட்கார்ந்ததற்கு ரொம்ப நேரம் சிரித்தான். ஒன்பது சங்கிலிப்பாண்டிக்கு நான் சிரித்தேன்.

ஜூன் இருபதிலிருந்து லீவு. மொட்டையும் போட வேண்டும், பொங்கலும் வைக்க வேண்டும். மூங்கிலடியில் வைக்கலாமா என்று உன் மேடத்திடம் கேட்டு எழுது. கூடாது என்றால் கூடாது.

முத்துராஜ்

*

மேலகரம்,
மே 24

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். உன் புதுத்தோலுக்கு மதி பயப்பட மாட்டாள். அவள் இப்போது யாருக்கும் பயப்படுவதில்லை.

மேடத்திடம் கேட்டேன். “எந்த மாசம்?” என்றார். ஆனி என்றேன். மேற்கே மலையைப் பார்த்தார். “ஆனிச் சாரல்லயா? தாராளமா வைக்கச் சொல்லு. அடுப்பு பத்திச்சுன்னா எனக்கும் ஒரு போன் பண்ணு, வந்து பாக்கேன்.”

வா.

பிரியா

*

ஜூன் இருபத்திரண்டில் அண்ணன் வந்தான். குற்றாலத்தில் சீசன் தொடங்கியிருந்தது. ஓடையில் மணல் தெரியாமல் தண்ணீர் ஓடியது. மூங்கிலடியைத் தவிர அடுப்பு வைக்க வேறு இடம் இல்லை. சாரலில் விறகு பற்றவில்லை. அண்ணன் ஒரு தீப்பெட்டி முழுவதையும் உரசித் தீர்த்தான். மேடம் குடையோடு வந்து நின்றார். வீரபாகு யூனிஃபார்மோடு மண்டியிட்டு ஊதினார். அவர் ஊதியதில்தான் பற்றியது. பொங்கியது, கொஞ்சம் புகைவாடை இருந்தது. மதிக்கு மொட்டை போட்டோம்.

வட்டத்தைப் பற்றி அவன் கேட்கவில்லை, நானும் பேசவில்லை. ஜூலை ஐந்தாம் தேதி திரும்பிப் போனான்.

அடுத்த பங்குனி உத்திரத்துக்கும் அவனுக்கு லீவு கிடைக்கவில்லை. மணலில் வைக்கச் சொல்லி முன்கூட்டியே எழுதியிருந்தான். வைத்தோம்.